வளையல் ஒலிக்காத கியர்

ஆகஸ்ட் 18

இன்று மேகலாவுக்கு வளைகாப்பு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வண்டியைக் கழுவினேன். முன்சீட்டில் அவள் முதுகுக்கு ஒரு தலையணை, காலடியில் புது மிதியடி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவளை நான்தான் மலையிறக்கி வத்தலக்குண்டில் விடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்தத் தாண்டிக்குடி மலையில் ஏறியதும் இறங்கியதும் என் வண்டியில்தான்.

அத்தை வாடகைக் காரோடு வந்து இறங்கினார்.

"மாப்ள, நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. இது பெரிய வண்டி. ஆடாம போகும்."

நான் "சரி அத்த" என்றேன். வேறென்ன சொல்வது?

முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல்கள். சிவப்பும் பச்சையுமாக முழங்கை வரை அடுக்கினார்கள். மேகலா கையைத் தூக்கவே முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! பிறகு அவளைப் பெரிய வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சமான கலவைச் சாதமெல்லாம் என் வண்டியில் ஏறியது. பின்சீட்டில் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும். முன்சீட்டில், மேகலாவின் தலையணையில் சாய்ந்தபடி, தயிர்சாத அண்டா. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

மலை இறங்கி, பட்டிவீரன்பட்டி தாண்டி சமவெளி வந்ததும் என் பாணியில் நான்காவது கியரில் மெதுவாகப் போனேன். என் ஓட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடுவேன், எஞ்சினைக் கத்தவிட மாட்டேன். கத்துகிற வண்டி கெட்டுப்போகிற வண்டி என்று அப்பா சொல்லுவார். வகுப்பிலும் நான் அப்படித்தான். ஆறாம் வகுப்புப் பயல்களிடம்கூட குரலை உயர்த்தாத வரலாற்று வாத்தியார் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இன்று அண்டா மூடிகள் வழி நெடுக டகடகவென்று அடித்துக்கொண்டே வந்தன. ரோடு சரியில்லை. போய்ச் சேர்ந்தபோது தயிர்சாதம் மிதியடி வரை வழிந்திருந்தது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேள" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 19

வீட்டில் சத்தமே இல்லை. இதைத்தானே எப்போதும் கேட்டாய், சௌந்தரபாண்டியா?

ஆகஸ்ட் 23

துணி துவைத்தேன். ரசம் வைத்தேன், உப்பு அதிகம். மேகலாவின் சீப்பு கண்ணாடி முன்னால் அப்படியே இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை.

போனில் பேசினோம்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"சாப்ட்டேன்."

"அப்புறம்?"

அப்புறம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவளைப் போட்டு வருத்தக் கூடாது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 31

வத்தலக்குண்டு போயிருந்தேன். மாமா தோட்டத்துக்கும் அத்தை கோயிலுக்கும் போயிருந்த நேரம். மேகலா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே வண்டியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு ரவுண்டு. பட்டிவீரன்பட்டி வரைக்கும் போய்ட்டுத் திரும்பிரலாம்."

"அத்தைக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும். எனக்கு நம்ம வண்டில உக்காரணும்."

எனக்கும் அதுதானே ஆசை. கிளம்பினேன். நல்ல ரோடு, கூட்டமில்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியர் போட்டு, பூப் போல ஓட்டினேன். மேகலா மடியில் கைகளை வைத்திருந்தாள். அவள் கைவளையல்கள் அத்தனையும் சிலுசிலுவென்று ஒலிக்க ஆரம்பித்தன.

"கைய ஆட்டாத" என்றேன்.

"நான் எங்க ஆட்டுறேன்? வண்டி ஆட்டுது."

"சத்தமே இல்லாமப் போகுது, அது எப்படி ஆட்டும்?"

"மூணாவது போடுங்க, பாப்போம்."

போட்டேன். எஞ்சின் சத்தம் கூடியது. வளையல்கள் கப்பென்று நின்றன. மறுபடி நான்காவது போட்டு மிதித்தேன், சிலுசிலு. மூன்று; அமைதி. அவளுக்கு ஒரே குஷி. சின்னப் பிள்ளை மாதிரி "நாலு! மூணு! நாலு!" என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தாள். தயிர்சாத அண்டா ஏன் தாளம் போட்டது என்று அப்போதுதான் புரிந்தது. ரோட்டின் மேல் அநியாயமாகப் பழி போட்டிருக்கிறேன்.

"அப்ப இத்தன நாளும் உறுமாம முக்கி முக்கித்தான் இழுத்துட்டு இருந்திருக்கு" என்றாள். "சத்தம் போடலன்னா அதுக்குக் கஷ்டம் இல்லன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க."

"எஞ்சினத்தான சொல்ற?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கோயில் குங்குமம் கையில் அப்படியே இருந்தது. "போன வருசம் பட்டது போதாதா மாப்ள?" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். போன வருடம் மேகலாவுக்கு ஐந்தாம் மாதத்தில், ஒரு கல்யாணத்துக்கு இதே வண்டியில் இறங்கி வந்த வாரத்தில்தான் எங்களுக்கு அது நடந்தது. பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா என்னிடம் தெளிவாகச் சொன்னார். மேகலாவுக்கும் அது தெரியும். அத்தையிடம் யாரும் சொல்லவில்லை.

மேகலா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேரமாச்சு, கெளம்புறேன்" என்றேன்.

செப்டம்பர் 3

அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

செப்டம்பர் 6

வளைகாப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுத்ததுபோக ஒரு கொத்து வளையல் அலமாரியில் இருந்தது. நூலில் கோத்து வண்டிக்குள் கண்ணாடியில் தொங்கவிட்டேன். இந்தப் பழைய வண்டியில் ரோட்டு வேகம் காட்டும் முள் மட்டும்தான் உண்டு. எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்று காட்டும் முள் கிடையாது. இனி வளையல்தான் எனக்கு முள்.

பள்ளிக்கூட வாசலில் கணக்கு வாத்தியார் அருளப்பன் உள்ளே குனிந்து பார்த்தார்.

"என்ன சார், வண்டிக்கும் வளைகாப்பா? எத்தனாவது மாசம்?"

ஆசிரியர் அறை முழுக்க இதுதான் இன்றைய பேச்சு.

செப்டம்பர் 14

பள்ளி விட்டதும் தடியன்குடிசை வரை இறங்கி ஏறுவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். காப்பித் தோட்டத்து ஆட்கள் என்னைப் பார்த்து என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

தெரிந்துகொண்டது: மெதுவாகப் போவதில் தப்பே இல்லை. சமதரையில் காலை லேசாக வைத்து, மேல் கியரில் உருண்டு போனால் வளையல் வாய் திறப்பதில்லை. மெதுவாகப் போகும்போது, கியரை மாற்றாமல், 'இழு இழு' என்று மிதிக்கிறோமே, அங்கேதான் வம்பு. ஏற்றத்தில் இன்னும் மோசம். வேகமாகச் சுற்றாத எஞ்சினிடம் பாரத்தைக் கொடுத்தால் அது கத்தாது. உள்ளுக்குள் திணறும். அந்தத் திணறல்தான் வண்டி முழுக்க நடுக்கமாக இறங்குகிறது.

கொண்டை ஊசி வளைவில் நான் செய்துவந்தது இதைவிடப் பெரிய கூத்து. வளைவுக்குள் பாதி போய், வண்டி மூச்சு முட்டிய பிறகுதான் கியரைக் குறைப்பேன். வளைவு கண்ணில் பட்டதுமே இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும். இன்று அப்படிச் செய்தேன். எஞ்சின் ஊரைக் கூட்டியது. எதிரே வந்த பஸ்காரர் திரும்பிப் பார்த்தார். கத்திக்கொண்டு போகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வளையல் மட்டும் அசையாமல் தொங்கியது.

செப்டம்பர் 16

வண்டியைப் பட்டறையில் காட்டினேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்து தொங்குகிறதாம். புதிது போட்டார்கள்.

"ஏன் கிழிஞ்சது?" என்று கேட்டேன்.

"ரப்பர்னா கிழியத்தான் சார் செய்யும்" என்றார் மெக்கானிக்.

அவரிடம் வளையலைப் பற்றிச் சொல்ல நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 27

மேகலா போனைக் கையருகே வைத்துக்கொண்டு வளையல்களைக் கலகலவென்று ஆட்டினாள்.

"இது எந்த கியர், சொல்லுங்க?"

"நாலு."

"இது?"

சத்தமே இல்லை.

"மூணு."

"இல்ல. கைய எடுத்து வயித்து மேல வெச்சிருக்கேன். பாப்பா ஒதைக்குது. நீங்க இருந்தா நீங்க வெச்சிருப்பீங்க."

பள்ளிக்கு விடுமுறை போட்டு நாளைக்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "பத்திரமா இரு" என்றேன். இதை எழுதும்போதே என்னை நானே ஒரு குட்டு குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அக்டோபர் 12

மேகலாவைப் பார்க்கப் போனேன். வாடகைக் காரில் அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள். நான் பின்னாலேயே என் வண்டியில் போனேன். பின்கண்ணாடி வழியாக அவள் கொண்டையும் மல்லிகைச் சரமும் மட்டும் தெரிந்தன. என் பெண்டாட்டியை நானே துப்பறிகிறவன் மாதிரி பின்தொடர்ந்து போகிறேன்.

அத்தை இன்று மெல்ல ஆரம்பித்துவிட்டார். "புள்ள பொறந்து ஒரு வருசமாச்சும் இங்கயே இருக்கட்டும் மாப்ள. மேல குளிரு. அந்த ரோடும் ஆகாது. நீங்க மாறுதல் வாங்கிட்டு எறங்கி வந்துருங்களேன்."

ஒரு வருடம். மேகலா இல்லாமல், பிள்ளையும் இல்லாமல்.

"பாக்கலாம் அத்த" என்றேன்.

மேகலா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் 27

பெண் குழந்தை!

மூன்றாம் பீரியடில் செய்தி வந்தது. முகலாயர்களை அப்படியே அம்போவென்று விட்டுவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேகலா வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். குழந்தை ஆஸ்பத்திரியே அதிரும்படி வீறிட்டுக்கொண்டிருந்தது.

"யாரு மாதிரின்னே தெரியல" என்றார் மாமா. "நம்ம வீட்ல இவ்வளவு சத்தம் போடுற ஆளே கெடையாது."

மேகலாவின் கைகள் மொட்டையாக இருந்தன. பிரசவ அறைக்குப் போகும் முன்பே வளையல்களைக் கழற்றிவிட்டார்களாம். குழந்தை பிறந்ததும் அவற்றை ஆஸ்பத்திரி ஆயாவுக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நவம்பர் 30

மழை. ரோட்டில் மண் சரிந்து இந்த வாரமும் இறங்க முடியவில்லை. மேகலா போட்டோ அனுப்பியிருந்தாள். குழந்தை கொட்டாவி விடுகிறது. அந்தக் கொட்டாவியை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

டிசம்பர் 15

மேகலா போனில் கேட்டாள்: "நாங்க வரணும்னு உங்களுக்கு இருக்கா இல்லையா?"

"என்ன கேள்வி இது?"

"கேள்விக்குப் பதில்."

"இருக்கு."

"அத எங்கம்மாகிட்டச் சொல்லணும். எங்கிட்ட இல்ல."

ஜனவரி 18

பொங்கல் சீருக்குப் பதில் மரியாதை செய்யப் போனேன். குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது. மேகலா எல்லாத் துணியையும் மடித்துப் பையில் வைத்திருந்தாள். அத்தை அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இலை போட்டார்.

"குளிரு முடியட்டும் மாப்ள. சித்திரைல பாக்கலாம். அப்பயும் வாடகை வண்டி வெச்சே அனுப்புறேன். உங்களுக்குச் சரிதான?"

பழக்கதோஷம். "சரி..." என்று ஆரம்பித்தேன். மேகலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. ஆனாலும் எனக்கு ஒலித்தது, சிலுசிலுவென்று.

"சரி இல்ல, அத்த!"

இவ்வளவு சத்தமாக வருமென்று நானே எதிர்பார்க்கவில்லை. மாமா பேப்பரைக் கீழே போட்டார். உள்ளே குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. நிறுத்தினால் இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்று தெரிந்தது. அதனால் நிறுத்தவில்லை.

"எனக்கு எம் பொண்டாட்டி புள்ள வேணும். ஆகஸ்ட்லருந்து அந்த வீட்ல பேய் மாதிரி உக்காந்திருக்கேன். மொதல்ல போச்சே, அதுவும் எம் புள்ளதான். எனக்கும்தான் போச்சு. பயணத்தால இல்லன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. நான் வாயத் தொறந்தா இவ அழுவான்னு பேசாம இருந்தேன்."

உள்ளேயிருந்து மேகலாவின் குரல் வந்தது. "நீங்க பேசாம இருந்ததுக்குத்தாங்க அழுதேன். ஒரு வருசமா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இலைக்கு முன்னால், பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மாப்பிள்ளை அழுதால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "டாக்டரு சொன்னத எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே. நான் உங்க வண்டிதான் காரணம்னு நெனச்சு மருகிட்டுக் கெடந்தேன்" என்றார். அதன் பிறகு, "வியாழக்கெழம நல்ல நாள். ஆனா நானும் கூட வருவேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு, எறங்கிருவேன்."

ஜனவரி 22

அத்தை குழந்தையோடு பின்சீட்டில். மேகலா முன்சீட்டில், தயிர்சாதம் கறைபடுத்திய அதே தலையணையில். கண்ணாடியில் தொங்கிய வளையல் கொத்தை அத்தை பார்த்தார்.

"இது எதுக்கு?"

"அது ஒலிச்சா நான் தப்பா ஓட்டுறேன்னு அர்த்தம், அத்த."

வம்பை விலைகொடுத்து வாங்குவது என்பது இதுதான். அதன் பிறகு அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை, வளையலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டிவீரன்பட்டி வரை காலை லேசாக வைத்து உருண்டேன். சந்தைக் கூட்டத்தில் முதல் கியரில், மிதிக்காமலே, வண்டி தானாக ஊர்ந்தது. ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது. வளைவுக்கு முன்பே மாற்றினேன். எஞ்சின் கத்தியது.

"என்ன மாப்ள இப்படிக் கத்துது?"

"கத்துனாத்தான் அத்த ஆடாது."

ஒரு வளைவில் எதிரே காப்பி மூட்டை லாரி வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஏற்றத்தில் நின்று கிளம்புவதுதான் எனக்குப் பயம். கைப்பிரேக்கைப் பிடித்தபடி கிளட்சை மெல்ல விட்டு, தாராளமாக மிதித்து, பிரேக்கை இறக்கினேன். வளையல் ஒரே ஒரு முறை 'கிணுக்' என்றது. அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"அது லாரிக்காரன் பண்ணது" என்றார் அத்தை.

தடியன்குடிசை தாண்டியதும் பின்னால் பேச்சே இல்லை. மேகலா திரும்பிப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் மேல் கையைப் போட்டபடி, வாயைத் திறந்து, அத்தையும் தூங்கிக்கொண்டிருந்தார். எஞ்சின் அவ்வளவு கத்தியும்.

மீதி தூரமெல்லாம் நானும் மேகலாவும் பேசிக்கொண்டே வந்தோம். பிறக்காமலே போன எங்கள் முதல் பிள்ளையைப் பற்றி. முதல் தடவையாக.

ஜனவரி 23

காலையில் வண்டியைத் துடைக்கப் போனேன். கண்ணாடியில் நூல் மட்டும் தொங்கியது. வளையல் கொத்தைக் காணவில்லை. அத்தை கழற்றி எங்கேயாவது போட்டிருப்பார் என்று நினைத்து உள்ளே வந்து காப்பியோடு உட்கார்ந்தேன்.

அடுக்களையில் சிலுசிலுவென்று வளையல் ஒலித்தது.

என் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடித் தரையை மிதித்தது. இடது கை பக்கத்தில் கியரைத் தேடி, காப்பி டம்ளரைத் தட்டிவிட்டது. மேகலா இரண்டு கையிலும் வளையலோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, காலு எதுக்கு அப்படி ஒதைக்குது?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. உட்கார் என்று பக்கத்தில் இடம் காட்டினேன். தடியன்குடிசைக்குத் தினம் இறங்கி ஏறியதிலிருந்து ஆரம்பித்து, அவளுடைய சீப்பைக் கண்ணாடி முன்னாலிருந்து எடுக்க முடியாதது வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்குப் போனபோது முதல் பெல் அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.